சிகிச்சை முடிஞ்சாச்சு... அடுத்து எங்கே? – இடைத்தங்கல் இல்லம் தேர்ந்தெடுப்பது எப்படி?



போன இதழில் கறவை மாட்டுக் காப்பீடு பற்றிப் பாடம் படித்தோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் கனமானது. குழுக் கூட்டத்தில் சத்தமாகப் பேச நாம் தயங்குகிற விஷயம். ஆனால் நம் உள்கடன் பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். 'மருத்துவச் செலவு' என்று எழுதியிருக்கும் பல வரிகளுக்குப் பின்னால் இருப்பது குடிதான். அது நமக்கும் தெரியும், பிரதிநிதிக்கும் தெரியும், எழுதுகிற ஊக்குநருக்கும் தெரியும்.

நம் கூட்டமைப்பில் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குள் போவோம். அந்த உறுப்பினர், "என் பேரு வேண்டாம், ஆனா நடந்ததை எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சொன்னதால்தான் எழுதுகிறோம்.

இரண்டாவது முறை கேட்ட கடன்

அவர் கணவர் கொத்தனார். நல்ல வேலைக்காரர். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு இரவு வரை வீட்டுக்கு வர மாட்டார். போகப் போக எல்லா நாளும் சனிக்கிழமை ஆகிவிட்டது. குழுவில் கடன் வாங்கி, தோட்டை அடகு வைத்து, ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் சேர்த்தார். ஆள் தெளிந்து, சதை போட்டு, பிள்ளைகளுக்கு மிட்டாய்ப் பொட்டலத்தோடு திரும்பி வந்தார். தெருவே பார்த்தது. பதினோராம் நாள் சம்பள நாள். அன்று ராத்திரி பழையபடி ஆகிவிட்டது.

மறுபடியும் அவர் குழுவில் வந்து நின்று 15,000 ரூபாய் கடன் கேட்டார். கூட்டத்தில் ஒரே சத்தம். "போன தடவை கொடுத்ததே தண்ணியில போட்ட மாதிரி ஆச்சு, மறுபடியும் எப்படிக் கொடுக்கறது?" என்று ஒருவர். "நம்ம சேமிப்புப் பணமுங்க அக்கா, பேங்க் பணம் இல்லீங்க" என்று இன்னொருவர். கோபத்தில் சொன்னாலும் அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த உறுப்பினர் அழவில்லை. "அதே எடத்துக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னா நானே போக மாட்டேன். வேற எங்க விடறதுன்னு யாராச்சும் சொல்லுங்க அக்கா, அது போதும்" என்றார்.

எங்கள் யாரிடமும் பதில் இல்லை. கடனை ஒரு வாரம் தள்ளிவைத்து, மூன்று பேர் கொண்ட குழுவை அமைத்து, "போய் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்" என்று தீர்மானம் எழுதினோம். அந்த மூன்று பேர் பார்த்ததும், டாக்டர்களிடமும் ஆலோசகர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தப் பாடம்.

முதலில் இதைப் புரிந்துகொள்வோம்

குடிநோய் ஒரு நோய். கெட்ட புத்தி என்று திட்டி அதைப் போக்க முடியாது. உடம்பிலிருந்து சாராயம் இறங்குவதற்கு ஒரு வாரம் பத்து நாள் போதும். மனசிலிருந்து இறங்குவதற்குப் பல மாதம் ஆகும். தூக்கம் வராது, எரிச்சல் வரும், காரணம் இல்லாமல் துக்கம் வரும். அப்போது பழைய கடை, பழைய கூட்டாளி, கையில் சம்பளக் காசு மூன்றும் ஒன்று சேர்ந்தால் ஆள் வழுக்கிவிடுவார். திரும்பக் குடிப்பவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள்தான் குடிக்கிறார்கள் என்று இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

நம் உறுப்பினர் வீட்டில் நடந்ததும் இதுதான். சிகிச்சை தோற்றுவிட்டது என்று நாம் நினைத்தோம். உண்மையில் சிகிச்சைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு படி விட்டுப்போயிருந்தது. மாடிப்படியில் ஒரு படி இல்லாவிட்டால் எவ்வளவு பலசாலியும் விழத்தான் செய்வார்.

அந்த நடுப்படிதான் இடைத்தங்கல் இல்லம். சிலர் 'ஹாஃப்வே ஹோம்' என்பார்கள், சிலர் 'ஆஃப்டர் கேர்' என்பார்கள். சிகிச்சை முடித்தவர்கள் சேர்ந்து தங்கி, சமைத்து, வேலைக்குப் போய் வந்து, குடிக்காமல் நாள் கடத்தப் பழகுகிற வீடு அது.

மூன்று இடங்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்:

1. மருத்துவமனை: குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கம், வலிப்பு, குழப்பத்துக்கு வைத்தியம் பார்க்கும் இடம். சில நாள் முதல் சில வாரம் வரை.

2. மறுவாழ்வு மையம்: ஆலோசனை, குழு உரையாடல், குடும்பத்துக்கு வகுப்பு என்று மனசுக்குப் பயிற்சி கொடுக்கும் இடம். பெரும்பாலும் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை.

3. இடைத்தங்கல் இல்லம்: கற்றதை நடைமுறையில் பழகும் இடம். கதவு திறந்திருக்கும், வேலைக்குப் போகலாம். ஆனால் வீட்டுக்குள் குடிக்கு இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. தினமும் நிறையக் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் கண்ணுக்கு ஏதேதோ தெரிவது, புத்தி தடுமாறுவது எல்லாம் வரலாம். கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் குடித்துக்கொண்டிருப்பவரை நேராக இடைத்தங்கல் இல்லத்தில் கொண்டுபோய் விடக்கூடாது. "குடிச்சிருந்தாலும் பரவாயில்ல, இப்பவே கூட்டிட்டு வாங்க" என்று டாக்டர் இல்லாத இல்லம் சொன்னால் அங்கே போகவே வேண்டாம்.

இது புதுசா?

இல்லை. அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் 1975-ஆம் ஆண்டு 'ஆக்ஸ்போர்டு ஹவுஸ்' என்ற வீடு தொடங்கியது. குடியிலிருந்து மீண்டவர்களே சேர்ந்து வாடகை கொடுத்து நடத்திய வீடு அது. அவர்களுடைய முக்கியமான விதிகள் மூன்று. எல்லோரும் ஓட்டுப்போட்டு முடிவெடுக்க வேண்டும். செலவைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குடித்தவர் வெளியேற வேண்டும். படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வந்தது. இது நம்ம சுயஉதவிக் குழு மாதிரியே இருக்கிறதே!

இல்லினாய் மாநிலத்தில் சிகிச்சை முடித்த 150 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவை இந்த மாதிரி வீடுகளுக்கும் இன்னொரு பிரிவை வழக்கம்போல வெளியிலும் அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு வருடம் கழித்து, வீட்டில் தங்கியவர்களில் 100-க்கு ஏறக்குறைய 31 பேரும், மற்றவர்களில் 100-க்கு ஏறக்குறைய 65 பேரும் மறுபடி போதைக்குப் போயிருந்தார்கள். 2006-இல் இந்த ஆய்வு வெளிவந்தது. இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். நல்ல இல்லம் உதவுகிறது. ஆனால் நல்ல இல்லத்திலும் எல்லோரும் தேறிவிடுவதில்லை.

நம் மாநிலத்தில் சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980-இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய கணவர் குடிநோயால் இறந்தவர். அந்தத் துக்கத்திலிருந்துதான் அவர் பலருக்கு வழி காட்டினார். 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. குடும்பத்தையும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று நம்ம ஊரில் அழுத்திச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. வீட்டில் வேறு யாரும் குடிப்பதில்லை, வேலை நிலையாக இருக்கிறது, தொடர் சிகிச்சைக்கு ஒழுங்காகப் போய் வருகிறார், வீட்டில் அடிதடி இல்லை என்றால் நேராக வீட்டுக்கே வரலாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இடைத்தங்கல் இல்லத்தை யோசிக்க வேண்டும்:

• முன்பே சிகிச்சை எடுத்து, திரும்பக் குடித்தவர்.
• வீட்டிலோ வேலை இடத்திலோ கூடக் குடிப்பவர் உள்ளவர்.
• குடித்தால் கை நீட்டுபவர். மனைவி மக்களுக்குப் பயம் தெளிய அவகாசம் வேண்டும்.
• வேலை போனவர், போக வர இடம் இல்லாதவர்.

நாங்கள் பார்த்த மூன்று இடங்கள்

முதல் இடம்: பெரிய போர்டு, டைல்ஸ் போட்ட வாசல். ஆபீஸ் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். "100 சதவீதம் உத்தரவாதம்" என்றார்கள். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டோம். "பேஷண்ட் டென்ஷன் ஆயிடுவாங்க" என்றார்கள். மாதம் 12,000 ரூபாய், மூன்று மாதப் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். கணவர் வர மறுத்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, "நாலு பசங்கள அனுப்பி வண்டியில தூக்கிட்டு வந்துடுவோம், அதுக்குத் தனி சார்ஜ்" என்றார்கள். எழுந்து வரும்போது மாடியிலிருந்து ஒருவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, எங்க வீட்டுக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லுங்கக்கா" என்று கத்தினார். அவர் சொன்ன நம்பரை எங்களில் ஒருவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து அவருடைய தம்பிக்குப் பேசினார். அன்று ராத்திரி எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டாவது இடம்: நல்ல இடம்தான், டாக்டர் வருகிறார், ஆலோசகர் இருக்கிறார். ஆனால் நம் ஊரிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். குடும்ப வகுப்புக்கு வாரம் ஒரு முறை போக வேண்டும். கூலி வேலை செய்யும் நம் உறுப்பினருக்கு அது முடியாது.

மூன்றாவது இடம்: பழைய ஓட்டு வீடு. பன்னிரண்டு பேர். நாங்கள் போனபோது ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பொறுப்பாளர், "நானே குடிச்சு அழிஞ்சவனுங்க, பதினாலு வருஷமா குடிக்கல" என்றார். சமையல்கட்டு, கக்கூஸ், படுக்கை எல்லாம் காட்டினார். இங்கே குடித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். மறைக்காமல், "போன வருஷம் நாலு பேர் வழுக்கினாங்க, அதுல ரெண்டு பேர் திரும்பி வந்தாங்க" என்றார். உத்தரவாதம் கொடுத்த இடத்தைவிட, இந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் எங்களுக்கு நம்பிக்கை வந்தது.

பார்க்க வேண்டிய பத்து விஷயங்கள்

1. பதிவுச் சான்று: தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா? சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்றால், விண்ணப்ப நகலைக் கேளுங்கள்.

2. உள்ளே விடுகிறார்களா: படுக்கை, சமையல், கழிவறை மூன்றையும் பாருங்கள். மறுத்தால் திரும்பிவிடுங்கள்.

3. டாக்டர் யார்: எந்த நாள் வருகிறார்? ராத்திரி உடம்பு முடியாமல் போனால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள்?

4. ஆலோசகர்: என்ன பயிற்சி பெற்றவர்? வாரம் எத்தனை முறை தனியாகப் பேசுகிறார்?

5. விதிமுறை: எழுத்தில் இருக்கிறதா? குடித்துவிட்டு வந்தால் என்ன செய்வார்கள்? 'அடிப்போம்', 'கட்டிப்போடுவோம்' என்பது விதிமுறை ஆகாது, அது குற்றம்.

6. அன்றாட ஒழுங்கு: எத்தனை மணிக்கு எழ வேண்டும், யார் சமைக்க வேண்டும், எப்போது வேலைக்குப் போகலாம்? சும்மா படுத்துக் கிடக்கும் இல்லம் பயன்படாது.

7. மருந்து: டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தைத் தொடர விடுகிறார்களா? மனநோய் மருந்தைக்கூட 'அதுவும் போதைதான்' என்று நிறுத்தும் இடம் ஆபத்தானது.

8. குடும்பம்: எப்போது பார்க்கலாம், எப்போது போனில் பேசலாம்? குடும்பத்துக்கு வகுப்பு உண்டா?

9. பணம்: மாதாமாதம் கட்டலாமா? ரசீது தருவார்களா? பாதியில் வந்துவிட்டால் மீதிப் பணம் திரும்ப வருமா?

10. பழைய ஆட்கள்: அங்கே தங்கிப் போனவரோடும், அவர் மனைவியோடும் பேச முடியுமா? பத்து விஷயத்தில் இதுதான் ரொம்ப முக்கியம். நாங்கள் பேசிய ஒரு அம்மா, "ஆறு மாசம் முடிஞ்சு போன பின்னாடியும் போன் பண்ணி விசாரிக்கிறாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. குடி, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பிரச்சினைகளும் இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. இதில் நமக்குத் தேவையானவை மட்டும்:

• எந்த விதத்திலும் யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது.
• கட்டாயமாக மொட்டை அடிக்கக்கூடாது. கட்டாயமாக வேலை வாங்கக்கூடாது. செய்த வேலைக்குக் கூலி உண்டு.
• பார்க்க வருபவரைச் சந்திக்கவும், போனில் பேசவும் அவருக்கு உரிமை உண்டு.
• தானாக விரும்பிச் சேர்ந்தவர் 'போகிறேன்' என்றால் அனுப்ப வேண்டும். மருத்துவ மதிப்பீட்டுக்காக அதிகபட்சம் 24 மணி நேரம்தான் நிறுத்திவைக்கலாம்.
• அவர் விருப்பம் இல்லாமல் சேர்க்க வேண்டும் என்றால் அதற்குத் தனி விதிகள் உண்டு. மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து எழுத வேண்டும். அப்படியும் முதலில் 30 நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஆள் வைத்துத் தூக்கிப்போவதற்குச் சட்டத்தில் இடமில்லை.

'அவர் செய்த கொடுமைக்கு நாலு அடி பட்டா என்ன?' என்று நம் மனசுக்குள் ஒரு குரல் கேட்கும். கேட்காது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் அடி வாங்கித் திரும்பி வருபவர் அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவார்? நம்மிடம்தான், பிள்ளைகளிடம்தான். அதையும் யோசிக்க வேண்டும்.

பணத்துக்கு என்ன வழி?

முதலில் இலவச வழிகளைப் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. 2025-இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. மத்திய அரசு உதவியோடு தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மறுவாழ்வு மையங்களும் இருக்கின்றன. பக்கத்தில் எது என்று 14446 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். மனநல ஆலோசனைக்கு 14416.

எங்கள் குழு போட்ட கணக்கைச் சொல்கிறோம். மூன்றாவது இல்லத்தில் மாதம் 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு 24,000. இரண்டாவது மாதத்திலிருந்து அவர் வேலைக்குப் போய்ப் பாதியை அவரே கட்ட வேண்டும் என்பது அந்த இல்லத்தின் விதி. ஆக அவர் பங்கு மூன்று மாதத்துக்கு 9,000. மீதி 15,000 குழுக் கடன். அதையும் மொத்தமாகக் கையில் கொடுக்கவில்லை. முதல் மாதம் 6,000, அடுத்த மூன்று மாதம் 3,000 வீதம், இல்லத்தின் பெயரில் காசோலை. ரசீதைக் குழுவில் காட்டினால்தான் அடுத்த காசோலை. தீர்மானப் புத்தகத்தில் இப்படித்தான் எழுதினோம்.

அப்போதும் ஒரு உறுப்பினர் சம்மதிக்கவில்லை. நம் உறுப்பினர் விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்: "ஒரு நாளைக்கு 300 ரூபாய்க்குக் குடிக்கிறாருங்க. மாசம் 9,000. இல்லத்துக்கு 6,000 தானுங்க." அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கந்துவட்டிக்கு வாங்கியோ, தாலியை அடகு வைத்தோ மூன்று மாதப் பணத்தை முன்கூட்டிக் கட்டாதீர்கள். ஆள் இரண்டாம் வாரம் வந்துவிட்டால் பணமும் போகும், நகையும் போகும்.

அவர் அங்கே இருக்கும்போது நாம் என்ன செய்வது?

• குடும்ப வகுப்புக்குக் கட்டாயம் போங்கள். குடும்பத்தாருக்கென்றே 'அல்-அனான்' கூட்டங்கள் பல ஊர்களில் நடக்கின்றன. குடியை விட நினைப்பவர்களுக்கு 'ஏ.ஏ.' கூட்டங்கள். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கம் அது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

• அவர் குடித்ததற்குக் காரணம் நாம் இல்லை. 'நீ சரியா இருந்திருந்தா அவன் ஏன் குடிக்கிறான்' என்று மாமியார் சொல்லலாம், ஊர் சொல்லலாம். நம்பாதீர்கள்.

• தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடி, சொட்டு மருந்தை வாங்காதீர்கள். குடித்தால் வாந்தி வரவைக்கும் 'டைசல்ஃபிரம்' என்ற மாத்திரை உண்டு. டாக்டர் சொல்லி, அவருக்கும் தெரிந்து, அவர் சம்மதத்தோடுதான் கொடுக்க வேண்டும். தெரியாமல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம் வரை அதன் வேகம் இருக்கும்.

• கோயிலில் கயிறு கட்டுவது அவரவர் நம்பிக்கை. அது மனசுக்குத் தெம்பு கொடுத்தால் கட்டுங்கள். டாக்டரைப் பார்ப்பதை மட்டும் அதற்காக விடாதீர்கள்.

• வீட்டில் அடி உதை இருந்தால் அதைக் குடிநோயோடு சேர்த்து மன்னித்து விட வேண்டியதில்லை. 181 மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நமக்கு இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். குடி, தூக்க மாத்திரைப் பழக்கம் பெண்களுக்கும் வருகிறது. நம் உறுப்பினருக்கே வரலாம். வெட்கப்பட்டு மறைத்தால் நோய்தான் முற்றும். பெண்களுக்கு இல்லம் தேடும்போது, பெண்களுக்குத் தனிக் கட்டடமா, ராத்திரிப் பொறுப்பாளர் பெண்ணா, கைக்குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாமா என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

வீட்டுக்கு வரும் நேரம்

ஒரே நாளில் மூட்டையோடு கூட்டி வந்துவிடாதீர்கள். முதலில் ஒரு பகல் வந்து போகட்டும். பிறகு ஒரு ராத்திரி. பிறகு ஒரு பண்டிகை நாள். ஒவ்வொரு முறையும் எது கஷ்டமாக இருந்தது என்று இல்லத்தில் போய்ப் பேசட்டும்.

வரும் முன்பே மூன்று விஷயத்தை இருவரும் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளுங்கள். சம்பளத்தை யார் வாங்குவது, எந்த வழியாக வீட்டுக்கு வருவது, ஆசை வந்தால் யாருக்குப் போன் செய்வது. நாலாவதாக இன்னொன்றும் எழுதுங்கள்: ஒரு வேளை குடித்துவிட்டால், மறுநாள் காலையில் என்ன செய்வது. அதை எழுதினால் குடிக்கச் சொல்வது போல் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம். வீட்டில் தீயணைக்கத் தண்ணீர் வைத்தால் தீ பிடிக்கட்டும் என்று அர்த்தமா?

நம் உறுப்பினர் வீட்டில் என்ன ஆச்சு?

அவர் கணவர் நான்கு மாதம் இல்லத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நடுவில், ஒரு சாவு வீட்டுக்குப் போன இடத்தில் ஒரு நாள் குடித்துவிட்டார். முன்பு என்றால் அது ஒரு மாதம் நீண்டிருக்கும். இந்த முறை மறுநாள் காலையில் அவரே இல்லத்துக்குப் போன் செய்து, "வழுக்கிட்டேன் அண்ணா" என்று சொல்லி, பத்து நாள் அங்கே போய் இருந்துவிட்டு வந்தார். எழுதி வைத்த நாலாவது விஷயம் உதவியது.

கடனில் இன்னும் 4,000 ரூபாய் பாக்கி. தவணை தவறவில்லை. "எல்லாம் சரியாயிடுச்சுன்னு எழுதிடாதீங்க அக்கா. இன்னிக்கு வரைக்கும் சரியா இருக்குன்னு எழுதுங்க" என்றார். அப்படியே எழுதிவிட்டோம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவர் இப்போதும் வாசலைப் பார்க்கிறார். பல சனிக்கிழமைகளாக, ஆறரைக்குள் சைக்கிள் மணி கேட்கிறது.

குழுக் கூட்டத்தில் பேச...

1. நம் குழுவில் 'மருத்துவச் செலவு' கடனில் எத்தனை குடி சம்பந்தப்பட்டவை? பெயர் சொல்லாமல் கணக்கு மட்டும் எடுங்கள்.

2. ஒரு உறுப்பினர் இரண்டாவது முறை கேட்டால், கொடுக்கலாமா வேண்டாமா? எந்த நிபந்தனையோடு கொடுக்கலாம்?

3. நம் பக்கத்தில் உள்ள இல்லத்தைப் பார்த்து வர யார் மூன்று பேர் போகலாம்?

4. 14446, 14416, 181, 15100 ஆகிய நான்கு எண்களையும் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதியாச்சா?

பத்து விஷயங்கள் உள்ள பகுதியை வெட்டி எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். நமக்குத் தேவைப்படாமல் போனால் சந்தோஷம். பக்கத்துக் குழுவில் யாருக்காவது தேவைப்படும். அடுத்த மாதப் பாடத்தில் சந்திப்போம்.